விபத்து நடந்த அன்றே ஒரு கோப்பு திறங்கள்: தென்னாப்பிரிக்கச் சாலையில் காயம்பட்டவரின் உரிமைகள், படிப்படியாக

என் பெரியம்மா ஃபீனிக்ஸிலிருந்து டர்பன் நகரத்துக்குக் கொம்பியில் (பலர் சேர்ந்து பயணிக்கும் மினிபஸ் டாக்சியில்) போகும்போது விபத்தில் சிக்கினார். இடுப்பு எலும்பு முறிந்தது. பல வாரம் படுக்கை, அதன்பிறகு கைத்தடி. "உயிர் பிழைத்ததே மாரியம்மன் கொடுத்த வரம்" என்று வீட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எந்தத் தாளையும் யாரும் பத்திரப்படுத்தவில்லை. நான்காம் வருஷம் ஒரு கல்யாண வீட்டுப் பேச்சில்தான் இழப்பீடு கேட்டிருக்கலாம் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் காலக்கெடு தாண்டிவிட்டது. சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பயணி அவர். அவர்மேல் துளித் தவறும் இல்லை. இருந்தும் ஒரு சென்ட் வரவில்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பெரியவர்களும், ஊரிலிருந்து வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டபடியே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியட்டும். இந்த நாட்டில் வாகன விபத்துக் காயங்களுக்கு இழப்பீடு தருவது சாலை விபத்து நிதியம். எல்லோரும் ஆர்.ஏ.எஃப். என்றே சொல்கிறோம். 1996ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டப்படி அது இயங்குகிறது. நாம் போடும் பெட்ரோல், டீசல் ஒவ்வொரு லிட்டரிலும் 2 ராண்டுக்கு மேல் அந்த நிதியத்துக்குப் போகிறது. உங்களிடம் கார் இல்லாவிட்டாலும் நீங்கள் கொடுக்கும் கொம்பிக் கட்டணத்தில் அந்தக் காசு அடக்கம். ஆகவே இழப்பீடு கேட்பது யாரிடமும் கையேந்துவது ஆகாது. சட்டம் "எந்த நபருக்கும்" என்றுதான் சொல்கிறது; குடிமகனாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

முதல் படி: காயமே படாமல் இருக்க

பெல்ட்டிலிருந்து தொடங்குகிறேன். பின்சீட்டில் உட்காரும் ஆயாவும் தாத்தாவும் பெல்ட் போடுவதே இல்லை, "முன்னால் இருப்பவர்களுக்குத்தானே" என்பார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் முட்டி நின்றாலும் உள்ளே இருக்கும் உடம்பு அதே 60இல் முன்னே பாயும். ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்கு அது சமம். பின்சீட்டுக்காரர் பாய்ந்தால் முன்சீட்டுக்காரரையும் நசுக்கிவிடுவார். இன்னொன்றும் உண்டு: பெல்ட் போடாததால்தான் காயம் மோசமானது என்று நிரூபணமானால், இழப்பீட்டில் நீதிமன்றம் ஒரு பங்கைக் குறைக்கலாம்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைக் காரில் குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த வேகத்தில் எந்தத் தாயின் கையும் பிள்ளையைத் தாங்காது.

அடுத்தது பக்கி, அதாவது பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி. காவடிக்கும் புனித வெள்ளித் திருவிழாவுக்கும் மவுண்ட் எஜ்கம்ப் கோயிலுக்குப் போகும்போது, பக்கியின் பின்புறம் பிள்ளைகளை ஏற்றி, ஓரத்தில் உட்கார வைத்து ஓட்டுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அங்கே பெல்ட்டும் இல்லை, கூரையும் இல்லை. ஒரு திடீர் பிரேக் போதும். காசு வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளை அப்படி ஏற்றிச் செல்வதை 2017 முதல் விதியே தடுக்கிறது. காசு வாங்காவிட்டாலும் ஆபத்து அதேதான். இரண்டு நடையாகக் காரில் கூட்டிப் போங்கள்.

ஜோகன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு: பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே என்3 சாலையின் டவுன் ஹில் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகளுக்கு முன்னாலும் பக்கத்திலும் ஒட்டிப் போகாதீர்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அது பிடிக்காது. பனிமூட்டம் இருந்தால் அங்கே போய்ச் சேர இன்னும் அரை மணி ஆகட்டும். டர்பனில் குளிர்காலம் முடிந்து வரும் முதல் மழையும் அப்படித்தான்: மாதக்கணக்கில் தார்ச்சாலையில் படிந்த எண்ணெய் நீரோடு கலந்து வழுக்கும். விடியற்காலையில் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் மஞ்சளோ வெள்ளையோ உடுத்துங்கள், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள்.

இரண்டாம் படி: விபத்து நடந்த இடத்தில்

ஆம்புலன்ஸுக்கு 10177, போலீசுக்கு 10111, கைபேசியிலிருந்து 112. இந்த மூன்றையும் இப்போதே கைபேசியில் சேமித்துவிடுங்கள். முக்கோணப் பலகையை வண்டிக்குக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வையுங்கள். நெருப்போ வேறு உடனடி ஆபத்தோ இல்லாவிட்டால் அடிபட்டவரைத் தூக்கி நகர்த்த வேண்டாம். கழுத்திலும் முதுகிலும் அடிபட்டிருந்தால் நம் அவசரமே அவரை முடமாக்கிவிடும். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். அடிபட்டவர் முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும், நம் மனது கேட்காது. ஆனாலும் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அவசர சிகிச்சையை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. அரசியலமைப்பின் 27(3) பிரிவு அதைச் சொல்கிறது. கையில் காசில்லையே என்று தயங்க வேண்டாம்.

கை சும்மா இருக்கும் ஒருவர் படம் எடுக்கட்டும்: எல்லா வண்டிகளின் எண் பலகை, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வட்டு, ரோபோ (போக்குவரத்து விளக்கு), சாலையில் டயர் உரசிய தடம், வண்டிகள் நின்ற விதம். பார்த்தவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டும். கொம்பிப் பயணி என்றால் பக்கத்துச் சீட்டுக்காரரின் எண்ணையாவது வாங்குங்கள். எங்கள் பெரியம்மாவோடு பயணித்தவர்களில் ஒருவரைக்கூட எங்களால் பிறகு தேடிப் பிடிக்க முடியவில்லை. "யார் தப்பு" என்று அங்கே வாக்குவாதம் வேண்டாம், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

மூன்றாம் படி: போலீஸ்

யாருக்காவது காயம் என்றால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி உதவ வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். ஆனால் அவர் தெரிவித்திருப்பார் என்று நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் வீட்டார் ஒருவர் நிலையத்துக்குப் போய் விபத்துப் பதிவு எண்ணை எழுதி வாங்கி வர வேண்டும். நிலையத்தின் பெயர், எழுதிய அதிகாரியின் பெயர், தேதி மூன்றையும் அதே தாளில் குறியுங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய வண்டி என்றால் இது இன்னும் முக்கியம். வண்டி யாருடையது என்று தெரியாவிட்டாலும் நிதியம் பணம் தரும். ஆனால் அப்படி ஒரு வண்டி இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். நினைவு மங்குவதற்குள் உறுதிமொழிப் பத்திரம் எழுதுங்கள்: எந்தத் தெரு, எத்தனை மணி, வண்டியின் நிறம், எந்தப் பக்கமிருந்து வந்தது.

நான்காம் படி: டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்

நம்மவர்களிடம் ஒரு பழக்கம். கால் முறிந்திருந்தால் காலைப் பற்றி மட்டும் பேசுவார்கள். தலை சுற்றுகிறது, தூக்கம் வரவில்லை, வண்டிச் சத்தம் கேட்டாலே படபடக்கிறது என்பதையெல்லாம் விழுங்கிவிடுவார்கள். முதல் நாள் குறிப்பில் இல்லாத வலியை மூன்றாம் வருஷம் நிரூபிப்பது மிகக் கடினம். ஆகவே சின்ன வலியையும் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக் கோப்பு எண், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, டாக்சி ரசீது, விபத்துக்கு முந்தைய மாதங்களின் சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் சேரட்டும். நிதியத்தின் உரிமைகோரல் படிவத்தில் மருத்துவ அறிக்கைப் பகுதி ஒன்று உண்டு. அதைச் சிகிச்சை தந்த டாக்டரோ ஆஸ்பத்திரியோ நிரப்ப வேண்டும்.

ஐந்தாம் படி: தேதியை நாள்காட்டியில் எழுதுங்கள்

பெரியம்மா தோற்றது இங்கேதான். இடித்த வண்டியோ அதன் ஓட்டுநரோ அடையாளம் தெரிந்தால், விபத்து நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் உரிமைகோரலை நிதியத்தில் கொடுத்துவிட வேண்டும். அடையாளம் தெரியாத வண்டி என்றால் 2 ஆண்டுதான். காலத்தோடு கொடுத்தபிறகும் முடிவு வராவிட்டால், விபத்து நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆனால் உரிமைகோரலைக் கொடுத்து 120 நாள் ஆகும் முன் வழக்குப் போட முடியாது.

அடிபட்டது குழந்தை என்றால், வண்டி அடையாளம் தெரிந்த வழக்கில் 18 வயது ஆகும்வரை காலம் ஓடாது. அடையாளம் தெரியாத வண்டி என்றால் அந்தச் சலுகையை நம்பாதீர்கள். 2 ஆண்டுக்குள் கொடுத்துவிடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், தபால் என்றால் பதிவுத் தபால்.

ஆறாம் படி: எதைக் கேட்கலாம், எவ்வளவு கிடைக்கும்

மருத்துவச் செலவு, இனிவரும் சிகிச்சைச் செலவை நிதியமே ஏற்கும் என்ற உறுதிப் பத்திரம், இழந்த சம்பளம், குடும்பத்தைக் காப்பாற்றியவர் இறந்தால் அவரை நம்பியிருந்தவர்களுக்கு ஆதரவுத் தொகை ஆகியவற்றைக் கேட்கலாம். சம்பள இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. இறுதிச் சடங்கில் அடக்கம் அல்லது தகனத்துக்கான அவசியச் செலவு மட்டுமே. பதினாறாம் நாள் காரியச் சாப்பாடு அதில் சேராது. காரின் சேதத்துக்கு நிதியம் எதுவும் தராது.

வலிக்கும் வேதனைக்குமான தொகை தனி. 2008 ஆகஸ்ட் 1க்குப் பிறகு நடந்த விபத்துகளில், காயம் "கடுமையானது" என்று ஒரு டாக்டர் அதற்குரிய படிவத்தில் மதிப்பிட்டால்தான் அது கிடைக்கும். உடலின் செயல்திறனில் 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் கடுமையானது. அந்த அளவு எட்டாவிட்டாலும், நீண்டகால உறுப்புச் செயலிழப்பு, நிரந்தரமான மோசமான உருச்சிதைவு, நீடிக்கும் கடுமையான மனப் பாதிப்பு, கருச்சிதைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் வழி உண்டு. அதே தேதிக்குப் பிறகு, தவறு செய்த ஓட்டுநர்மேல் உடற்காயத்துக்காக நேரடியாக வழக்குப் போடும் உரிமை பொதுவாக இல்லை; நிதியத்திடம்தான் போக வேண்டும்.

தவறு யாருடையது என்பது கணக்கில் வரும். உங்கள் தவறு 40 சதவீதம் என்று முடிவானால், 10 லட்சம் ராண்டு இழப்புக்கு 6 லட்சம்தான் வரும். முழுத் தவறும் உங்களுடையது என்றால் ஒன்றுமில்லை. பயணியின் நிலை வேறு. ஏதாவது ஓர் ஓட்டுநர்மேல் 1 சதவீதத் தவறைக் காட்டினாலே போதும், அது அவர் ஏறிய வண்டியின் ஓட்டுநராக இருந்தாலும் சரி, எதிரே வந்தவராக இருந்தாலும் சரி. "நம்ம தம்பி ஓட்டின வண்டி, அவன்மேல் எப்படிக் கேட்பது" என்று பலர் தயங்குகிறார்கள். பணம் தம்பியின் பையிலிருந்து போகவில்லை, நிதியத்திலிருந்து வருகிறது. 7 வயதுக்குட்பட்ட குழந்தை ஓடி வந்து சாலையில் விழுந்தாலும், சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளைமேல் தவறே கிடையாது.

ஏழாம் படி: வக்கீல் வேண்டுமா?

நிதியத்தில் நேரடியாகவும் கொடுக்கலாம், வக்கீல் மூலமாகவும் கொடுக்கலாம். எலும்பு முறிவு, தலைக்காயம், மரணம் என்றால் வக்கீல் நல்லது என்பது என் கருத்து. நிபுணர் அறிக்கைகள் இல்லாமல் அவற்றை மதிப்பிட முடியாது. "ஜெயித்தால்தான் கட்டணம்" என்ற ஒப்பந்தத்துக்கு 1997 சட்டம் வரம்பு வைத்திருக்கிறது: வெற்றிக் கட்டணம் அவரது வழக்கமான கட்டணத்தின் இரு மடங்கையோ, கிடைத்த தொகையில் 25 சதவீதத்தையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து "கையெழுத்துப் போடுங்கள், ஆன்ட்டி" என்று தாளை நீட்டும் ஆட்களிடம் பேசவே வேண்டாம். ஆள் பிடிப்பது வக்கீல்களுக்குத் தடைசெய்யப்பட்டது. புகாரைச் சட்டத் தொழில் மன்றத்திடம் கொடுக்கலாம்.

எட்டாம் படி: வேலையிடத்தில் அடிபட்டால்

அது வேறு நிதி, வேறு சட்டம்: 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இங்கே யார் தவறு என்ற கேள்வியே பொதுவாக இல்லை. முதலாளியிடம் உடனே சொல்லுங்கள்; அவர் 7 நாளுக்குள் இழப்பீட்டு நிதிக்குத் தெரிவிக்க வேண்டும்; உரிமைகோரவும் காலக்கெடு உண்டு. வேலை நிமித்தம் வண்டியில் போகும்போது அடிபட்டால் இரண்டு நிதிகளிலும் கேட்கலாம், ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் கழிப்பார்கள்.

வீட்டு வேலை செய்பவர்கள் வெகுகாலம் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். 2012இல் பிரிட்டோரியாவில் ஒரு பணிப்பெண் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். அவர் மகள் தொடுத்த வழக்கில் 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாததாக்கியது. அந்தத் தீர்ப்பு 1994 ஏப்ரல் 27 வரை பின்னோக்கிப் பொருந்தும். ஆகவே உங்கள் வீட்டில் துணி துவைக்கவும் மாடி ஜன்னல் துடைக்கவும் ஓர் அம்மையார் வந்தால், இந்தச் சட்டப்படி நீங்கள்தான் முதலாளி. அவரை இழப்பீட்டு நிதியில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். அவரையும் உட்கார வைத்து, படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டுங்கள்.