நீரின் அலைச்சலை அளப்போம்: டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. கணக்கு, கால்குலேட்டரோடு

மூளை ஸ்கேனில் ஒரு வாக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், சுமார் 2 மி.மீ. இருக்கும். நரம்பு இழையின் தடிமனோ மைக்ரான் கணக்கு. அதை அந்தப் படத்தில் நேரடியாகப் பார்க்க வழியில்லை. ஆனால் அங்குள்ள நீர் மூலக்கூறுகள் தாமாக எவ்வளவு தூரம் அலைகின்றன என்று அளக்கலாம். இந்த அலைச்சல்தான் டிஃப்யூஷன். உடல் சூட்டில், தடையில்லாத நீர் 50 மில்லி விநாடியில் ஒரு திசையில் சுமார் 17 மைக்ரான் நகரும். செல்களின் அளவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால்தான் செல் சவ்வுகளில் முட்டிக்கொள்ளும் நீர், அவை இருப்பதைக் காட்டிக் கொடுக்கிறது.

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரே ஒரு வாக்சலுக்குக் கையால் கணக்குப் போடுங்கள். பிறகு வரும் வண்ணப் படங்கள் மிரட்டாது.

படி 1: சிக்னல் ஏன் குறைகிறது?
ஸ்டெஜ்ஸ்கலும் டானரும் 1965இல் சொன்ன முறை இது. முதல் கிரேடியன்ட் துடிப்பு, அதாவது இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப்புலத் துடிப்பு, நீரிலுள்ள ஒவ்வொரு புரோட்டானுக்கும் (ஹைட்ரஜன் அணுக்கரு) அதன் இடத்துக்கேற்ற ஒரு ஃபேஸ் மாற்றத்தை, அதாவது சுழற்சிக் கோண மாற்றத்தைக் கொடுக்கும். இரண்டாவது துடிப்பு அதை அழிக்கும். நகராத புரோட்டானுக்குக் கணக்கு நேராகிவிடும். நகர்ந்தவற்றுக்கு மிச்சம் நிற்கும். அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, சிக்னல் விழும். துடிப்பின் வலிமை, நீளம், இடைவெளி மூன்றையும் சேர்த்துச் சொல்லும் எண்தான் பி மதிப்பு (அலகு: விநாடி/சதுர மி.மீ.).

படி 2: இரண்டு எண்களை எடுங்கள்
பி 0 படத்திலும் (இந்தத் துடிப்புகள் இல்லாதது) பி 1000 படத்திலும் அதே வாக்சலின் சிக்னலைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 1000, அப்புறம் 472 என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: கணக்கு
முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, அதற்கு இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்து, பி மதிப்பால் வகுக்க வேண்டும். 1000 ÷ 472 = 2.12. மடக்கை 0.75. அதை 1000ஆல் வகுத்தால் 0.00075 சதுர மி.மீ./விநாடி. இதுதான் ஏ.டி.சி., அதாவது அளவீட்டில் தோன்றும் டிஃப்யூஷன் எண். நலமான மூளைத் திசுவில் ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

இரண்டாவது எண் 50 என்றால்? விடை 0.003. தடையற்ற நீர், மூளையைச் சுற்றியுள்ள திரவம். 670 என்றால் 0.0004. இது கவலைக்குரிய எண். ரத்த ஓட்டம் நின்றால் செல்களின் சோடியம் பம்புகள் ஓய்ந்து, நீர் உள்ளே புகுந்து செல் வீங்கும். நீரின் நடமாட்டம் சுருங்கும். வழக்கமான படத்தில் எதுவும் தெரியாத நேரத்திலேயே இந்த வீழ்ச்சி தெரிவதை மோஸ்லி குழு 1990இல் பூனைகளிடம் காட்டியது. பக்கவாத அவசரத்தில் இந்த ஸ்கேன் எடுப்பது அதனால்தான். ஆனாலும் செல்கள் நெருக்கமான கட்டியிலும், சீழ்க்கட்டியிலும் ஏ.டி.சி. குறையும். எண் தடையைச் சொல்லும். தடை எது என்று சொல்லாது.

படி 4: வெளிச்சத்தை நம்பாதீர்கள்
பி 1000 படத்தில் ஓர் இடம் பளிச்சென்று இருந்தால் உடனே பக்கவாதம் என்று முடிவு கட்ட வேண்டாம். டி2, அதாவது சிக்னல் தானாக மங்க எடுக்கும் நேரம், நீளமாக உள்ள திசுவும் அப்படி மின்னும். ஏ.டி.சி. படத்தில் அதே இடம் இருட்டாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இரைச்சலையும் கவனியுங்கள். பி 2000க்குப் போனால் திரவத்தின் சிக்னல் 1000இலிருந்து 2 அல்லது 3க்கு வந்துவிடும். அது பெரும்பாலும் இரைச்சலுக்குள் மூழ்கி, ஏ.டி.சி. உண்மையைவிடக் குறைவாக வரும். ஸ்கேனரையே சோதிக்க வேண்டுமா? பனிக்கட்டியில் வைத்த தண்ணீர்ச் சோதனைக்குழாய் போதும்: 0 டிகிரியில் 0.0011 வர வேண்டும்.

படி 5: திசை
இழையோடு சேர்ந்து ஓடும் நீர் எளிதாகப் போகும், குறுக்கே போகாது. குறைந்தது 6 திசைகளில் அளந்தால் டென்சர் பொருத்தலாம், அதாவது எந்தத் திசையில் நீர் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று சொல்லும் எண் தொகுப்பைக் கணக்கிடலாம். இதைக் கையால் போட வேண்டாம், அதற்கு எஃப்.எஸ்.எல்., டைப்பை என்ற மென்பொருள்கள் உண்டு. டைப்பை இலவசம், எஃப்.எஸ்.எல். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். டைப்பையில் மாதிரித் தரவும் உண்டு. திசைக்கு ஒரு நிறம் காட்டும் வண்ணப் படம் வந்ததும் முதலில் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். இடம் வலமாக ஓடும் இழைகள் அவை, சிவப்பாகத் தெரிய வேண்டும். வேறு நிறம் வந்தால், அளந்த திசைகளைப் பட்டியலிடும் கோப்பில் அச்சுகள் இடம் மாறியிருக்கலாம். அதைச் சரி செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.