ஹெட்செட்டையும் ஸ்பீக்கரையும் மேசைக் கணினியில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வாங்கிய ஹெட்செட்டை மேசைக் கணினியில் செருகியதும் பாட்டு நன்றாகக் கேட்கிறது, ஆனால் நாம் பேசுவது மட்டும் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால், பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது ஹெட்செட்டைத்தான். கடைக்குக் கொண்டுபோய் வேறொன்று மாற்றி வந்த பிறகும் அதே நிலை தொடர்வதுண்டு. கருவியைக் குறை சொல்வதற்கு முன் எந்தத் துளையில் செருகியிருக்கிறோம், எந்த வகை வயரால் இணைத்திருக்கிறோம், விண்டோஸ் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது என்ற மூன்றையும் இதே வரிசையில் பார்த்துவிட வேண்டும். கடைக்கு வரும் "ரிப்பேர்" ஹெட்செட்டுகளில் கணிசமானவை உண்மையில் பழுதானவை அல்ல என்பது என் எண்ணம்.

மைக் வேலை செய்யாததற்கு மிகப் பொதுவான காரணத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஹெட்செட்டின் 3.5 மி.மீ. பின்னில் எத்தனை கறுப்பு வளையங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டு வளையங்கள் இருந்தால் அந்தப் பின்னில் இடது காது, வலது காது, கிரவுண்டு (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொது இணைப்பு) என மூன்று தொடர்புப் பகுதிகள் இருக்கின்றன. மூன்று வளையங்கள் இருந்தால் நான்காவதாக மைக்குக்கும் ஒரு பகுதி உண்டு. இந்தப் பின்னோடு கைப்பேசிக்கென்று விற்கப்படும் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். மேசைக் கணினியின் பின்புறத்திலோ, ஒலிக்குப் பச்சைத் துளை, மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை என்று தனித்தனியாகவே இருக்கும். நான்கு பகுதிப் பின்னைப் பச்சைத் துளையில் செருகினால் பாட்டு வரும்; மைக்கின் இணைப்பைப் படிப்பதற்கு அந்தத் துளைக்குள் ஒன்றுமே இல்லை. ஹெட்செட் படம் போட்ட ஒற்றைத் துளை உள்ள கேபினெட்டாக, அதாவது கணினிப் பெட்டியாக, இருந்தால் மட்டும் நேரடியாகச் செருகலாம்.

இதற்குத் தீர்வு ஒரு ஸ்ப்ளிட்டர் வயர்தான், ஆனால் அதை வாங்குவதிலேயே அடுத்த தவறு நேர்ந்துவிடுகிறது. கடையில் "ஸ்ப்ளிட்டர்" என்று மட்டும் கேட்டால் ஒரே பாட்டை இரண்டு பேர் கேட்பதற்கான வயரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒரு பின்னும் இரண்டு துளைகளும் இருக்கும். நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிரானது: ஹெட்செட்டைச் செருக ஒரு துளை, கணினியில் செருக இரண்டு பின்கள். அந்த இரண்டு பின்களில் ஒன்றின் மேல் ஹெட்போன் படமும் மற்றொன்றின் மேல் மைக் படமும் அச்சிட்டிருக்கும், அல்லது ஒன்று பச்சை நிறத்திலும் மற்றது இளஞ்சிவப்பிலும் இருக்கும். பழைய கைப்பேசியோடு வந்த ஹெட்செட்டாக இருந்தால் இன்னொரு சிக்கலும் வரலாம். சில பழைய மாதிரிகளில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அவற்றில் பாடகரின் குரல் மங்கி, பின்னணி இசை மட்டும் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். வயரில் உள்ள அழைப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தவுடன் பாட்டு சரியாகிவிட்டால் கோளாறு இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களின் இறுதியில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 வழிகாட்டியிலிருந்துதான் பச்சை, இளஞ்சிவப்பு, இளநீலம் என்ற இந்த வழக்கம் பரவியது. இளநீலத் துளை வேறொரு கருவியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கானது. மைக்கை அதில் செருகுவது வீண், ஏனென்றால் சாதாரணக் கணினி மைக் இயங்குவதற்குத் தேவையான சிறிய மின்னழுத்தத்தை இளஞ்சிவப்புத் துளையே தருகிறது. ஆரஞ்சு, கறுப்பு நிறத் துளைகள் 5.1 ஸ்பீக்கர் அமைப்புக்கு (ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் பெட்டி ஒன்றும்) உரியவை. 2.1 செட் வாங்கியவர்கள் சப்வூஃபர் என்றால் ஆரஞ்சுதானே என்று எண்ணி அதில் செருகுவதைப் பார்க்கலாம்; அந்தச் செட்டில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களும் சப்வூஃபர் பெட்டியில் இணையும், அந்தப் பெட்டியிலிருந்து வரும் ஒரே வயர் பச்சைத் துளைக்குப் போகும்.

கேபினெட்டின் முன்பக்கத் துளைகளில் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அவை உள்ளே மதர்போர்டு எனும் முதன்மைப் பலகையோடு இணைக்கப்படாமலேயே இருக்கலாம், குறிப்பாகக் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில். கணினியை அணைத்து, மின்வயரைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து பாருங்கள். முன்பக்கத்திலிருந்து வரும் வயரின் முனையில் "எச்டி ஆடியோ" என்று எழுதியிருக்கும். பழைய கேபினெட்டுகளில் அதோடு "ஏசி97" என்று இன்னொரு முனையும் தொங்கும்; இன்றைய போர்டுகளுக்கு முதல் முனையே பொருந்தும். மதர்போர்டில் இதற்கான ஊசி வரிசையும் யுஎஸ்பிக்கான ஊசி வரிசையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் விடுபட்ட ஊசி இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். சுலபமாக நுழையவில்லை என்றால் அழுத்த வேண்டாம். வளைந்த ஊசியை நிமிர்த்துவது எளிதல்ல.

ஸ்பீக்கரைப் பின்னாலும் ஹெட்செட்டை முன்னாலும் இணைத்து வைத்திருப்பவர்கள், ஹெட்செட்டைச் செருகியதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிடுவதைக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேண்டுமென்றே அமைக்கப்பட்ட நடைமுறை. ஒலியைக் கையாளும் ரியல்டெக் சிப் உள்ள பெரும்பாலான போர்டுகளில், அதனுடன் வரும் ஆடியோ மென்பொருளுக்குள் சென்று, முன்புறத்தையும் பின்புறத்தையும் இரண்டு தனித்தனிக் கருவிகளாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். அதன்பின் எதையும் பிடுங்காமல், டாஸ்க்பாரில் உள்ள ஒலி ஐகானைச் சொடுக்கியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடலாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒலி வேண்டுமென்றால் பச்சைத் துளையில் சாதாரண ஸ்ப்ளிட்டர் போதும். அதே ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போட்டு இரண்டு கணினிகளின் ஒலியை ஒரே ஸ்பீக்கருக்குக் கொண்டுவருவது மட்டும் கூடாது; ஒரு கணினியின் வெளியீடு மற்றதன் வெளியீட்டோடு மோதும். அதற்கு ஸ்விட்ச் பெட்டியோ மிக்சரோ வாங்க வேண்டும்.

விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பலவற்றில் ஒரு யுஎஸ்பி முனையும் ஒரு 3.5 மி.மீ. பின்னும் சேர்ந்தே இருக்கும். இவற்றில் பலவற்றுக்கு யுஎஸ்பி மின்சாரத்துக்கு மட்டுமே; ஒலி அந்தப் பின் வழியாகத்தான் போகிறது. யுஎஸ்பியை மட்டும் செருகிவிட்டு, விளக்கு எரிகிறதே, சத்தம் ஏன் வரவில்லை என்று டிரைவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. யுஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். அட்டைப்பெட்டியில் ஆயிரம் வாட் பிஎம்பிஓ (கண நேர உச்சத் திறன் என்ற விளம்பரக் கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அந்த 2.5 வாட்டுக்கு மேல் அது எங்கிருந்தும் எடுக்கப்போவதில்லை. பழைய மியூசிக் சிஸ்டத்திலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்களின் வயரை உரித்து ஒரு பின்னில் ஒட்டிச் செருகுவதும் வேலைக்கு ஆகாது. 4 ஓம், 8 ஓம் என்று குறித்த அந்த ஸ்பீக்கர்களை இயக்க இடையில் ஓர் ஆம்ப்ளிஃபையர் அவசியம்.

ஸ்பீக்கரிலிருந்து இடைவிடாத "ம்ம்ம்" என்ற ரீங்காரம் வந்தால், அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு கிரவுண்டு வழியாகச் சுற்றி வருவதாக இருக்கலாம். கணினி ஒரு பிளக் பாயிண்டிலும் ஆம்ப்ளிஃபையர் வேறொன்றிலும் இருந்தால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்கி ஒலி வயரின் இடையில் பொருத்தலாம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சத்தம் நிற்கக்கூடும், கேபினெட்டில் மின்கசிவு ஏற்படும் நாளில் அது போய்ச்சேரும் வழி தொடுபவரின் உடலாக இருக்கும். இந்த ஒரு தவறு உயிரோடு விளையாடுவது.

வயரெல்லாம் சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால் மிச்சம் இருப்பது விண்டோஸ். எச்டிஎம்ஐ வயரில் மானிட்டரை இணைத்தவர்களுக்கும், கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தவர்களுக்கும் இது அடிக்கடி நேர்கிறது: ஸ்பீக்கரே இல்லாத மானிட்டரை விண்டோஸ் ஒலிக் கருவியாகத் தேர்ந்தெடுத்துவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் சரியான வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள். மைக்குக்கு பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதி தனியாக இருக்கிறது. அது அணைந்திருந்தால் எந்த மைக்கை மாற்றினாலும் மௌனம்தான். ஸூம் போன்ற செயலிகள் தங்கள் அமைப்புக்குள் வேறொரு மைக்கைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அங்கேயும் ஒரு முறை பார்க்க வேண்டும். அழைப்பு வரும்போதெல்லாம் பாட்டின் ஒலி தானாகத் தாழ்ந்துபோகிறதா? பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலின் கம்யூனிகேஷன்ஸ் பகுதியில், பிற ஒலிகளை 80% குறைக்கும்படி இயல்பாகவே குறித்திருப்பார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மாற்றிவிடலாம்.

புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களின் முறையீடு வேறு. பாட்டு கேட்கும்போது தெளிவாக இருந்த ஒலி, அழைப்பில் பேசத் தொடங்கியதும் பழைய தொலைபேசிபோல் ஆகிவிடுகிறது என்பார்கள். மைக் இயங்கத் தொடங்கியவுடன் புளூடூத் உயர்தர ஸ்டீரியோ முறையிலிருந்து பேச்சுக்கான குறைந்த தர முறைக்கு மாறிவிடுவதே காரணம். ஹெட்செட்டை மாற்றுவதால் மட்டும் இது தீர்ந்துவிடாது. வெப்கேம் மைக்கையோ, வயர் உள்ள தனி மைக்கையோ உள்ளீடாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, புளூடூத்தைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஒலி பழைய தரத்துக்குத் திரும்பிவிடும். புளூடூத் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் சிறு புளூடூத் கருவி) கேபினெட்டின் பின்னால் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தால், அந்த இணைப்பு எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிட்டு ஒலியை விட்டுவிட்டு வரச்செய்யும். ஒரு சிறிய யுஎஸ்பி நீட்டிப்பு வயரால் டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்து வைத்தால் போதும்.