கிராம்ஃபு–குன்சும்–லோசர்: ஓடைகளையும் கல்சரிவுகளையும் டர்ட் பைக்கில் கடப்பது எப்படி

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து அடல் சுரங்கம் தாண்டி, கோக்சர் வழியாக கிராம்ஃபுவுக்கு வந்தால் ஸ்பிதிக்குப் போகும் பாதை பிரிகிறது. சந்திரா ஆற்றங்கரையோடு சத்ரு, பாதல், அங்கிருந்து ஏறினால் சுமார் 4,550 மீட்டர் உயரத்தில் குன்சும் கணவாய், இறங்கினால் லோசர். மொத்தம் 80 கி.மீ. அளவுதான். ஆனால் உருண்டைக் கற்களும், பனிப்பாறை உருகி வரும் ஓடைகளும் சேர்ந்து ஒரு முழுப் பகலை வாங்கிக்கொள்ளும். கணவாய் பொதுவாக ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். இந்தக் குறிப்புகள் எக்ஸ்பல்ஸ் 200 போன்ற 21 அங்குல முன்சக்கரம், 18 அங்குலப் பின்சக்கரம், டியூப் டயர் கொண்ட வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

டயரில் தொடங்குவோம். கல்பாதைக்கு முன்னால் 20–22, பின்னால் 22–24 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) போதும். 18-க்குக் கீழே இறக்கினால் பிடிமானம் இன்னும் கூடும், ஆனால் கூர்க்கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். மணாலியில் காற்றைச் சரிபார்த்துவிட்டு அப்படியே போகாதீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கணவாய்க்குப் போகும்போது அதே டயர் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும். மேலே போனபின் ஒருமுறை அளந்து இறக்குங்கள். மாற்று டியூப் ஒன்றுதான் கொண்டுபோக இடம் இருக்கிறது என்றால் 21 அங்குலத்தை எடுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் திணித்து ஓட்டிவிடலாம். 18 அங்குல டியூபை முன்னால் போட முடியாது.

கிளட்ச், பிரேக் லீவர்களின் கிளாம்ப் போல்ட்டுகளை, கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். வண்டி விழும்போது லீவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் தருவது தளர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் இரும்புப் பெட்டி வேண்டவே வேண்டாம். தடுமாறிக் கால் ஊன்றும்போது பெட்டி பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலை மடக்கும். துணிப்பை போதும். இந்தப் பாதையில் எளிதில் அடிபடுவது கணுக்காலும் முழங்காலும். ஹெல்மெட்டுக்கு அடுத்து காசு செலவழிக்க வேண்டியது முழங்கால் வரை வரும் ஆஃப்ரோடு பூட்ஸுக்குத்தான்.

மணாலியில் டேங்கை நிரப்புங்கள். அடுத்ததாக நம்பக்கூடிய பங்க் சுமார் 200 கி.மீ. தள்ளி ஸ்பிதியின் காஜாவில். முதல் கியரிலேயே நெடுந்தூரம் ஓட்டுவதால் மைலேஜ் விழும். 4,500 மீட்டரில் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று கடல்மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதம் அளவுதான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்குமே தவிர, இல்லாத ஆக்ஸிஜனை எங்கிருந்து கொண்டுவரும்? சக்தி போய்விட்டது, வண்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

இனி ஓடை. இந்தப் பாதையின் உண்மையான ஆபத்தும், உண்மையைச் சொன்னால் இங்கே வருவதற்கான காரணமும் இதுதான்.

இரவில் உறையும் பனி பகலில் உருகுவதால், காலை 7 மணிக்குக் கணுக்கால் அளவு ஓடும் நீர் மதியம் 2 மணிக்கு முழங்காலைத் தாண்டும். ஆகவே 10 மணிக்குள் பெரிய ஓடைகளைக் கடந்துவிடும்படி புறப்படுங்கள். தாமதமானால் அன்றைக்கு அங்கேயே தங்கி, மறுநாள் விடியலில் கடப்பதுதான் சரி. வேகமான நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால், நடந்து உங்களால் நிற்க முடியாது. நடக்க முடியாத இடத்தில் வண்டியை இறக்காதீர்கள்.

முதலில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். ஓடை அகலமாக விரிந்து சலசலக்கும் இடம் ஆழமில்லாதது. மேற்பரப்பு வழவழப்பாகவும் கறுப்பாகவும் தெரியும் இடம் குழி. நீர் வண்டியைக் கீழ்ப்பக்கம் தள்ளும் என்பதால், ஏற வேண்டிய கரைக்குச் சற்று மேல்பக்கமாகவே இறங்குங்கள். முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், கால் வைக்கும் ஃபுட்பெக்கில் நின்ற நிலை, பார்வை எதிர்க்கரையில். முன்சக்கரத்தைப் பார்த்தால் அது மோதப்போகும் கல்லை நோக்கியே போவீர்கள். ஹேண்டில் கையில் குதிக்கும். இறுக்கிப் பிடிக்காமல் டேங்கை முழங்கால்களால் கவ்விக்கொண்டால் வண்டி தானே வழி தேடும். அந்தச் சில நொடிகளின் கிளர்ச்சிக்கு ஈடு கிடையாது. நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ கிளட்சைப் பிடித்தாலோ வண்டி கல்லில் தட்டி நின்றுவிடும். நின்ற வண்டியைத்தான் நீர் சாய்க்கும்.

ஓட்டுவதில் நம்பிக்கை இல்லையென்றால் எஞ்சினை ஓடவிட்டு, அரை கிளட்சில் நடத்திப் போகலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் நீர் வரும் பக்கத்தில் நின்றுதான் தள்ள வேண்டும். மறுபக்கம் நின்றால் 160 கிலோ வண்டி நீரின் வேகத்தோடு உங்கள் மேல் சாய்ந்து அமுக்கிவிடும்.

வண்டி நீரில் விழுந்தால் முதல் வேலை, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச். அடுத்து தூக்குங்கள். செல்ஃபைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன நீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரையில் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரத்தில் நிறுத்தி சைலன்சரில் உள்ள நீரை வடியுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பெட்டிக்குள் துடையுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, செல்ஃபை இரண்டு மூன்று நொடிகள் விட்டு விட்டு அடித்தால் பிளக் துளை வழியாக நீர் பீய்ச்சும். முகத்தை அங்கே வைக்காதீர்கள். நீர் நின்றபின் ஆயிலைப் பாருங்கள். டீ நிறத்தில் கலங்கியிருந்தால் வடித்துப் புது ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சரியாக இருந்தால் பிளக்கைத் துடைத்து மாட்டி, பம்ப் இணைப்பைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யலாம். கடந்தபின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்சதூரம் ஓட்டினால் ஈரம் காயும். உங்கள் சாக்ஸையும் மாற்றுங்கள், விறைத்த காலால் கியர் போடுவது கடினம்.

பாதலிலிருந்து கணவாய்க்கு ஏறும் வளைவுகளில் வண்டி நடுவழியில் அணைந்துபோனால், முன் பிரேக்கை மட்டும் பிடித்து நிற்கப் பார்ப்பார்கள். எடை முழுக்கப் பின்சக்கரத்தில் இருப்பதால் முன்சக்கரம் பூட்டியபடியே சறுக்கும். கியரிலேயே விட்டுக் கிளட்சை விடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மேட்டுப்பக்கமாக இறங்கி, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வண்டியைப் பின்னால் விட்டுக் குறுக்கே திருப்பி, கீழே போய் மறுபடி வேகம் எடுத்து ஏறுங்கள். பாதிச் சரிவில் புறப்பட்டால் பின்சக்கரம் குழி தோண்டும்.

லோசர் பக்க இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியர், இடுப்பு பின்னால், முன் பிரேக்கில் ஒரே விரல். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.-க்கு ஆஃப்ரோடு நிலை இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் அணைத்துப் போட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள்.

மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் குன்சும் ஏறுவது உடம்புக்குத் தாங்காது. ஓர் இரவு, அடல் சுரங்கத்துக்கு அப்பால் உள்ள சிஸ்ஸுவில் தங்குங்கள். தலைவலி விடாமல் இருந்தால் ஏறுவதை நிறுத்துங்கள். தள்ளாட்டம் வந்தால் தாமதிக்காமல் கீழே இறங்க வேண்டும், அதுவும் வேறொருவர் வண்டியில். வழியில் பெரும்பகுதி செல்போன் சிக்னல் கிடையாது. அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். குறைந்தது மூன்று வண்டிகளாகப் போனால், ஒருவர் அடிபட்டவரோடு இருக்க இன்னொருவர் உதவி தேடிப் போகலாம்.