கடலோர வீட்டில் கம்பியை உப்பிலிருந்து காப்பது எப்படி

கடலுக்கு அருகில் கட்டிய வீட்டின் சன்ஷேடை அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், பல இடங்களில் கம்பி போகும் தடத்திலேயே பழுப்பேறிய விரிசல் ஒன்று ஓடுவதைக் காணலாம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு, காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளிறங்கி, கம்பியின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் காப்புப் படலத்தை உடைத்துவிடுகிறது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் பிடிப்பதால், காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. மேற்பூச்சும் பெயிண்டும் இதைத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, கம்பிக்கு வெளியே நிற்கும் காங்கிரீட்டின் கனம், அதாவது கவர். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456:2000, கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கவரும் எம்30 தரக் காங்கிரீட்டும் (எம்-க்குப் பின்வரும் எண் கூடினால் வலிமை கூடும்), கடல்நீர்த் திவலை நேரே தெறிக்கும் பரப்புக்கு 50 மில்லிமீட்டரும் எம்35 தரமும் கேட்கிறது. உள்நாட்டு வழக்கப்படி 20 மில்லிமீட்டர் விட்டுப் பழகிய கைகளுக்கு இது மிகையாகத் தோன்றும், அதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள். கம்பியைத் தூக்கி நிறுத்தக் கருங்கல் சில்லை முட்டுக்கொடுத்தால், ஆள் மிதித்ததும் அது நழுவி, காங்கிரீட்டை வார்க்க அடித்த பலகையில் கம்பி படிந்துவிடும். சரியான உயரத்தில் வார்த்த சிமெண்ட் கவர் பிளாக்குகளையே வைத்து, கட்டுக்கம்பியின் முனைகளை உட்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். பலகையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முனையும் உப்புக்குத் திறந்துவிட்ட வழி. காங்கிரீட் கொட்டுவதற்கு முன், டேப்புடன் நீங்களே குனிந்து அளந்து பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். இச்சூழலில் சிமெண்டின் எடைக்குத் தண்ணீரின் உச்ச விகிதம் 0.45, அதாவது 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 22.5 லிட்டர். கலவை இறுகலாக இருக்கிறதென்று இன்னொரு வாளி ஊற்றினால் நுண்துளைகள்தாம் பெருகும். வேண்டுமானால், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்னும் ரசாயனத்தைச் சேர்க்கலாம். கடற்கரை மணலும் உவர்ப்பான கிணற்று நீரும் கூடவே கூடாது. அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பு உலைக் கசடோ கலந்த சிமெண்ட் உப்பை நன்கு தாங்கும். ஆனால் அதற்குப் பதினான்கு நாளாவது இடைவிடாமல் நல்ல தண்ணீர் விட வேண்டும்.

ஏற்கெனவே வெடித்த இடத்தில் மேலாகப் பூசி மூடினால் துரு உள்ளே தொடரும். பொறியாளரிடம் காட்டி, கம்பியின் பின்புறம் வரை கொத்தியெடுத்து, துருவை முழுதும் நீக்கி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டிய பிறகே புதுக் கலவையை வைக்க வேண்டும்.