இன்டர்பிரெட்டர் போட்டாச்சு, அப்புறம் என்ன? டெஃப் (காது கேக்காத) யூதர்களுக்கு தோரா சொல்லிக்குடுக்கறப்ப நடக்கற சொதப்பல்கள்

நான் யூதர் இல்லைங்க. அமெரிக்கால இருக்கேன், ஏஎஸ்எல்னு சொல்ற அமெரிக்க சைகை மொழிய கொஞ்ச வருஷமா கத்துக்கிட்டிருக்கேன், அந்தப் பழக்கத்துல யூதர்கள் கும்பிடற சினகாக் ஒண்ணுல, அவங்க வேதமான தோராவ சொல்லிக்குடுக்கற கிளாஸுக்கு ரூம் ரெடி பண்ண ஒத்தாசைக்குப் போனேன். பேச்ச சைகைல மாத்திச் சொல்ற இன்டர்பிரெட்டர எங்க நிறுத்தலாம்னு பாத்து, நல்ல வெளிச்சமா இருக்கேன்னு பெரிய ஜன்னலுக்கு முன்னாடி நிறுத்தினேன். வெயில் ஏற ஏற அவங்க மூஞ்சி இருட்டடிச்சுப் போச்சு. சைகைன்னா வெறும் கை இல்ல, புருவத்த தூக்கினா கேள்வி, தலைய ஆட்டினா மறுப்பு, மூஞ்சி தெரியலேன்னா பாதி இலக்கணம் காலி. டெஃப் அம்மா ஒருத்தங்க பத்து நிமிஷம் கண்ண சுருக்கி சுருக்கிப் பாத்துட்டு, எழுந்து வந்து இன்டர்பிரெட்டர் கையப் புடிச்சு எதிர் சுவர் பக்கம் கூட்டிட்டுப் போய் நிறுத்திட்டு, என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க. நல்லது பண்றோம்னு நெனச்சுக்கிட்டு பண்ற சொதப்பல் எத்தன இருக்குன்னு அதுக்கப்புறம்தான் கவனிக்க ஆரம்பிச்சேன்.

இருக்கறதுலயே பெரிய தப்பு, புக்கையும் கையையும் ஒரே நேரத்துல பாக்கச் சொல்றது. தால்மூத்ங்கற பழைய யூத சட்ட விவாத நூலோட பக்கம் எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு: நடுவுல மூலம், அதுக்கு ஒரு பக்கம் ராஷிங்கற உரையாசிரியரோட உரை, இன்னொரு பக்கம் தோசஃபோத்னு வேற உரை, எல்லாம் பொடிப் பொடி எழுத்து, மூலத்துல பாதிக்கு மேல அரமேயிக்ங்கற பழைய மொழி. வழக்கமா ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேந்து சத்தமா படிச்சு சண்ட போட்டுத்தான் கத்துக்குவாங்க, அதுக்குப் பேரே ஹவ்ரூதா. காது கேக்கறவங்களுக்கு கண்ணு புக்குல, காது பேச்சுல, சௌகரியம். டெஃப் ஆளுக்கு ரெண்டுமே கண்ணுதான். டீச்சர் "மூணாவது வரிய பாருங்க"ன்னு சொல்லிட்டு மூச்சு விடாம விளக்கத்த ஆரம்பிச்சா, வரியத் தேடறதுக்குள்ள விளக்கம் போயிடும், விளக்கத்தப் பாத்தா வரி போயிடும். படிக்க டைம் குடுங்க, எல்லாரும் தலைய நிமிர்த்தினப்புறம் பேசுங்க. அவ்ளோதான் விஷயம், ஆனா நிறுத்தி நிறுத்திப் பேசற பழக்கம் இல்லாத டீச்சருக்கு அந்த அர நிமிஷ மௌனம் பெரிய அவஸ்தையா இருக்கும்போல, உடனே ஒரு ஜோக் அடிச்சு ரொப்பிடுவாங்க. அதையும் டெஃப் ஆள் மிஸ் பண்ணுவாரு.

அடுத்தது வழிபாடு. ஷெமா ஜெபம் சொல்றப்ப வலது கையால கண்ண மூடிக்கறது வழக்கம். வெள்ளிக்கிழம சாயங்காலம் மெழுகுவத்தி ஏத்திட்டு ரெண்டு கையாலயும் கண்ண மூடிட்டு ஆசீர்வாதம் சொல்லுவாங்க. கையால பேசறவங்க கைய கண்ணுல வெச்சுக்கிட்டா எதால சொல்றது, எத பாக்கறது? சனிக்கிழம ராத்திரி ஓய்வுநாள முடிச்சு வெக்கற ஹவ்தாலா சடங்கு இன்னும் மோசம், ஃபீலிங்கா இருக்கட்டும்னு எல்லா லைட்டையும் அணைச்சுட்டு பின்னின மெழுகுவத்தி ஒண்ணு மட்டும் எரியும். பாக்க அழகுதான், ஆனா அந்த வெளிச்சத்துல கை எங்க தெரியும்? இன்டர்பிரெட்டர் மேல விழற மாதிரி ஒரு லைட்ட முன்கூட்டியே போட்டு வெச்சுட்டா முடிஞ்சுது.

ஷெமான்னாலே "கேள்"னு அர்த்தம், உபாகமம் 6:4, "இஸ்ரவேலே, கேள்". இத காத தொட்டுக் காட்டி சைகை பண்ற இன்டர்பிரெட்டர்ஸ் இருக்காங்க, டெஃப் யூதர்கள் பல பேர் "கவனி"ங்கற சைகையத்தான் போடறாங்க. நமக்கு இது ஈசியா புரியும், ஏன்னா "சொன்ன பேச்ச கேளு"ன்னு அம்மா திட்டறப்ப காதப் பத்தியா பேசறாங்க? வார்த்தைக்கு வார்த்த சைகை வெக்கறது சைகை மொழியே இல்ல, ஏஎஸ்எல்லுக்கு தனி இலக்கணம் இருக்கு.

அதே மாதிரி சைகை மொழின்னா உலகம் பூரா ஒண்ணுன்னு நெனச்சு இஸ்ரேல் வீடியோவ எடுத்து அமெரிக்கால போட்டுடறாங்க. ஏஎஸ்எல்லோட வேர் பிரான்ஸ்ல, 1817ல ஹார்ட்ஃபோர்ட்ல ஸ்கூல் ஆரம்பிச்சப்ப லாரன்ட் கிளெர்க் கொண்டு வந்தது. இஸ்ரேல்ல 1932ல ஜெருசலேம்ல வந்த டெஃப் ஸ்கூல்ல ஜெர்மனி பக்கத்துத் தாக்கம் அதிகம். ஒண்ணு தெரிஞ்சாலும் இன்னொண்ணு புரியாது.

"பேப்பர்ல எழுதிக் காட்டலாமே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு. பழைய கட்டுப்பாட்ட விடாம பிடிக்கற ஆர்த்தடாக்ஸ் பிரிவு இடத்துல சப்பாத்ங்கற ஓய்வுநாள் அன்னிக்கு எழுதறதே தடை, டைப் பண்றதும் ஸ்கிரீன்ல கேப்ஷன் ஓட விடறதும் கிடையாது, ஃபோன் ஆப் பேச்சே வேண்டாம். அங்க நேர்ல வர்ற ஆள் ஒண்ணுதான் வழி, அதுவும் நீளமான நிகழ்ச்சின்னா ரெண்டு பேர் வேணும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ மாத்திக்கணும். ஒருத்தருக்கு மட்டும் காசு ஒதுக்கிட்டு ரெண்டு மணி நேரம் கைய ஆட்ட விடறது பாவம். ராஷி யாருன்னே தெரியாத இன்டர்பிரெட்டருக்கு எந்தப் பக்கம் படிக்கப் போறோம்னு முன்னாடியே அனுப்பலேன்னா ஒவ்வொரு எபிரேய வார்த்தையையும் எழுத்து எழுத்தா விரல்ல காட்டிக்கிட்டு நிப்பாங்க, பாக்கறவங்களுக்கு தலவலிதான் மிச்சம்.

இப்ப கொஞ்சம் சென்சிட்டிவான மேட்டர். பழைய சட்ட நூல்கள்ல "ஹெரெஷ்"னு ஒரு சொல் வரும், காதும் கேக்காம பேச்சும் வராதவரு, அவர புத்தி சுவாதீனம் இல்லாதவரு, சின்னப் பையன் இவங்களோட ஒரே வரிசைல வெச்சு கட்டளைகள்ல இருந்து விலக்கு குடுத்திருக்காங்க. இத எந்த முன்னுரையும் இல்லாம டெஃப் ஆளுங்க முன்னாடி வாசிச்சுட்டு அடுத்த வரிக்குப் போறாங்க பாருங்க, அது எனக்கு சுத்தமா ஜீரணிக்கல. மிஷ்னாங்கற அதே பழைய சட்டத் தொகுப்புல கித்தின் பகுதில ஹெரெஷ் சைகை காட்டி கொடுக்கல் வாங்கல் பண்ணலாம்னும் இருக்கு. 2011ல யூதத்துல கன்சர்வேட்டிவ்னு ஒரு பிரிவோட சட்டக் கமிட்டி, சைகை மொழில பேசற டெஃப் ஆளுங்கள அந்தப் பழைய வகைல சேக்கக்கூடாதுன்னு ரபி (யூத மதகுரு) பமேலா பார்மாஷ் எழுதின தீர்ப்ப ஏத்துக்கிச்சு. ஆர்த்தடாக்ஸ் ரபிகள் நடுவுல இதப் பத்தி பல கருத்து. இதையெல்லாம் சேத்து சொல்லணும், ஒத்த வரிய மட்டும் வாசிச்சுட்டு ஓடக்கூடாது.

தால்மூத்ல ஹகிகாங்கற பகுதில ஒரு கத இருக்கு. மிஷ்னாவத் தொகுத்த ரபி யெஹூதா ஹநாசியோட தெருவுல வாய் பேச முடியாத ரெண்டு பேர், அவர் பாடசாலைக்கு வந்தா இவங்களும் வந்து உக்காந்து தலைய ஆட்டிக்கிட்டு உதட்ட அசைச்சுக்கிட்டு இருப்பாங்க. அவர் வேண்டிக்கிட்டாரு, குணமாச்சு, பாத்தா சட்டம் மொத்தமும் அவங்களுக்கு அத்துப்படி. இத அற்புதக் கதையா சொல்லிட்டுப் போறது வழக்கம். நான் சொன்ன அந்த அம்மா கிளாஸ்ல கைய தூக்கி, குணமாகறதுக்கு முன்னாடியே கத்துக்கிட்டாச்சே, அத்தன நாள் ஒருத்தர்கூட ஏன் அவங்ககிட்ட கேக்கலன்னு கேட்டாங்க. டீச்சருக்கு பதில் வரல.

ரெண்டு மாசம் கழிச்சு அதே ரூம்ல கிளாஸ் எடுத்தது அவங்கதான். சைகைல எடுத்தாங்க, இன்டர்பிரெட்டர் எங்களுக்காக அத பேசினாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முதல் வேலையா போய் ஜன்னல் திரைய இழுத்து விட்டாங்க.