மாட்டின் இரத்தப் பூச்சு: முதல் சிலைட்டே சரியாக வர

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரைப் பட்டியில் ஒரு மாடு காய்ச்சலோடு படுத்துவிட்டது, சிறுநீர் கோப்பி நிறத்தில் போகிறது என்றால் உண்ணிக் காய்ச்சலைத்தான் முதலில் நினைப்போம். ஒரு துளி இரத்தத்தில் அதைப் பார்த்துவிடலாம், சிலைட் எனும் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாக இழுக்கும் பூச்சு நன்றாக இருந்தால்.

1. கழுத்து நாளத்தில் எடுத்த இரத்தத்தை இரத்தம் உறையாமல் காக்கும் ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் விட்டு, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் கலங்கள் உடையும். காது நுனியில் குத்தி, அந்தத் துளியிலும் ஒரு பூச்சு எடுங்கள். உண்ணிக் காய்ச்சலைத் தரும் ஒட்டுண்ணிகளில் ஒன்றான பபீசியா போவிஸ் மெல்லிய நாளங்களில்தான் கூடுதலாக நிற்கும்.

2. சிலைட்டின் ஓரத்தில் சின்னத் துளி. இன்னொரு சிலைட்டை 30 முதல் 45 பாகை சாய்த்துப் பின்னுக்கு இழுத்துத் துளியைத் தொடுங்கள். விளிம்பு முழுக்கப் பரவியதும் ஒரே ஓட்டமாக முன்னே தள்ளுங்கள். பூச்சு நாக்கு நுனிபோல மெலிந்து முடிய வேண்டும்.

3. நம் பக்கத்தில் வேலை கெடுவது உலர்த்தும்போதுதான். கார்த்திகை மழையில், வாவிக்கரை ஈரக்காற்றில் பூச்சு இலேசில் காயாது. மெதுவாகக் காய்ந்தால் செங்குருதிக் கலங்களுக்குள் பளபளப்பான வளையங்கள் வரும். அப்படியொரு நாளில் அவற்றை ஒட்டுண்ணி என்றே எழுதப் போனேன். நுணுக்குக்காட்டியின் குமிழை இலேசாகத் திருகிப் பார்த்தேன், மின்னின. உண்மையான ஒட்டுண்ணி மின்னாது, சாயம் பிடித்து ஊதாவாகவே நிற்கும். எனவே பூச்சு இழுத்த கையோடு மின்விசிறியின் கீழ் வையுங்கள். காய்ந்ததும் மூடிவிடுங்கள், ஈ வந்தால் பூச்சையே தின்றுவிடும்.

4. மெதனோலில் 3 நிமிடம். பிறகு, அன்றே கலந்த 10 வீத ஜீம்சா சாயத்தில் 30 நிமிடம். கழுவி, நிமிர்த்திக் காயவிடுங்கள்.

5. நுனிக்குச் சற்றுப் பின்னால், கலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத இடத்தை முதலில் தேடுங்கள். அப்புறம் எண்ணெய் விட்டு, 100 மடங்கு வில்லையில் பாருங்கள். முதலில் வெண்குருதிக் கலங்கள். துண்டு துண்டான கரு நியூட்ரோபில். கலத்தை நிறைக்கும் உருண்டைக் கரு லிம்போசைட். செம்மஞ்சள் மணிகள் நிறைந்தது இயோசினோபில். மாட்டில் நியூட்ரோபிலைவிட லிம்போசைட் கூடுதலாக இருப்பது இயல்பு. மனித இரத்தம் பார்த்துப் பழகியவர்கள் பதற வேண்டாம். ஆட்டின் செங்குருதிக் கலம் மாட்டினதைவிடச் சிறியது, கோழியினதில் கருவே இருக்கும். செங்குருதிக் கலத்துக்குள் கூர்முனையில் ஒட்டிய இரண்டு பேரிக்காய்கள் போலத் தெரிந்தால் பபீசியா. ஓரத்தில் ஒற்றைப் புள்ளி என்றால், உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான அனாப்ளாஸ்மா.

6. இரத்தம் மட்டுமல்ல, வயிற்று நீர், மூட்டு நீரிலும் பூச்சு எடுக்கலாம். அவை தெளிவாக இருந்தால் கலங்கள் குறைவு. மையநீக்கியில் மெதுவாக 5 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததில் பூச்சு எடுங்கள். தாமதிக்க வேண்டாம், கலங்கள் சிதைந்துவிடும். பற்றீரியா நியூட்ரோபிலுக்கு உள்ளே இருந்தால் அது தொற்றுதான். வெளியே மட்டும் மிதந்தால் ஊசியிலோ குழாயிலோ இருந்து வந்திருக்கலாம்; புதிதாக ஒரு மாதிரி எடுங்கள்.