ஒரு செமஸ்டருக்கு ஆறு நிகழ்வுகள் போதும்: சுற்றுச்சூழல் முதுநிலை மாணவர்களுக்கு நிகழ்ச்சித் திட்டம் போடும் முறை

முதல்முறையாக மாணவர் மன்றப் பொறுப்புக்கு வருபவர்கள் வாரம் ஒரு சிறப்புரை என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். நாலாவது வாரமே அரங்கம் காலியாகிவிடும். முதுநிலை மாணவருக்குக் கேட்பதற்கு உரைகள் நிறைய இருக்கின்றன. கையால் செய்து பார்க்கத்தான் வாய்ப்பு குறைவு. அதனால் ஆறு நிகழ்வுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் குறைந்தது மூன்று நிகழ்வுகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதாக இருக்கட்டும்.

படி 1: முதலில் அடிக்க வேண்டிய வாரங்களை அடியுங்கள்

16 வார செமஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கை, பாடத் தேர்வு என்று முதல் வாரம் போய்விடும். இடைத்தேர்வுக்கு 8, 9. இறுதித் தேர்வுக்கு 15, 16. மிச்சம் 11 வாரம். இதில் 3, 4, 6 ஆகிய வாரங்களில் நீர்த்தர வேலை (பயிற்சி, களத்தில் தண்ணீர் மாதிரி எடுத்தல், தரவுப் பட்டறை), 10-இல் காலநிலைப் பேச்சுவார்த்தை விளையாட்டு, 12-இல் வேலைவாய்ப்பு உரையாடல், 13-இல் மூன்று நிமிட ஆய்வுரை. நடுவில் விட்ட வாரங்கள் மழைக்கும் ஒத்திவைப்புக்கும். அவற்றை நிரப்ப ஆசைப்படாதீர்கள்.

பிப்ரவரி 2 ஈரநில நாள், மார்ச் 22 தண்ணீர் நாள், ஏப்ரல் 22 புவி நாள், செப்டம்பர் 16 ஓசோன் நாள், டிசம்பர் 5 மண் நாள் என்று எந்த செமஸ்டரிலும் ஒன்றிரண்டு வந்துவிடும். அந்தத் தேதியிலேயே நடத்தியாக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அன்றைக்கு நல்ல பேச்சாளர் எல்லாரையும் வேறு யாராவது அழைத்திருப்பார்கள். ஒரு வாரம் தள்ளி வைத்தால் எளிதாகக் கிடைப்பார்கள்.

படி 2: களப்பணிக்குக் கிழமை குறியுங்கள்

தேதியை முடிவு செய்வது பேருந்து அல்ல, பிஓடி சோதனை. பிஓடி என்பது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். அதை அளக்க, மாதிரியை 20 டிகிரி செல்சியஸில், இருட்டில், 5 நாள் வைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை மாதிரி எடுத்தால் சனிக்கிழமை அளக்க வேண்டும். செவ்வாயில் எடுத்தால் ஞாயிறு. ஆய்வகம் பூட்டியிருக்கும், வேலை வீணாகும். புதன், வியாழன், வெள்ளியில் எடுத்தால் அளக்கும் நாள் வேலை நாளில் விழும். சனிக்கிழமை காலை எடுத்தால் அடுத்த வியாழன் அளக்கலாம், ஆனால் மாதிரி எடுக்கும் சனிக்கிழமை மாலை வரை ஆய்வகம் திறந்திருக்குமா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: பயிற்சி வகுப்பும் பொருள் கணக்கும் (3-ஆம் வாரம்)

18 பேர், மூன்று குழு, மூன்று இடம். இதற்கு மேல் ஆளைச் சேர்த்தால் பாதிப் பேர் கரையில் நின்று படம்தான் எடுப்பார்கள். குழுவில் ஆறு வேலை: மாதிரி எடுப்பவர், வேதிப்பொருள் சேர்ப்பவர், வெப்பநிலையும் பிஎச்சும் பார்ப்பவர், எழுதுபவர், இடக்குறியீடும் படமும் எடுப்பவர், மற்றவர்களின் பாதுகாப்பை மட்டும் கவனிப்பவர். ஆறாமவரிடம் வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

300 மில்லி பிஓடி குப்பிகள் எத்தனை வேண்டும்? ஓர் இடத்துக்கு, கரைந்த ஆக்சிஜனை அங்கேயே வேதிப்பொருள் சேர்த்து நிலைப்படுத்த ஒன்று. மூன்று நீர்த்தல்களுக்கு (மாதிரியோடு சுத்தமான நீர்த்தும் தண்ணீரை வெவ்வேறு அளவில் கலப்பது), முதல் நாள் அளக்க ஒன்று, ஐந்தாம் நாள் அளக்க ஒன்று என்று ஆறு. ஆக ஏழு. மூன்று இடத்துக்கு 21. நீர்த்தும் தண்ணீரை மட்டும் நிரப்பிய வெற்று மாதிரிக்கு 2, உடைந்தால் மாற்ற 2. மொத்தம் 25. பிஓடிக்கான தண்ணீரை இடத்துக்கு ஒரு 2 லிட்டர் கேனில் எடுத்தால் தாராளம்.

மூன்று நீர்த்தல் ஏன்? ஐந்து நாளில் ஆக்சிஜன் லிட்டருக்கு குறைந்தது 2 மில்லிகிராம் இறங்க வேண்டும். கடைசியில் குறைந்தது 1 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குப்பியின் அளவு செல்லாது. தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாதபோது, ஒன்றில் மாதிரியையே முழுதாக நிரப்புங்கள், ஒன்றில் 100 மில்லி, ஒன்றில் 30 மில்லி. ஏதாவது ஒன்று சரியாக விழும். 100 மில்லி குப்பியில் 3 மில்லிகிராம் இறங்கியிருந்தால் பிஓடி 3 × 300 ÷ 100, அதாவது 9.

பிஎச் மீட்டரை பிஎச் 4, 7, 10 என்று தெரிந்த தாங்கல் கரைசல்களில் சரிபார்க்கும் வேலையும் இந்த வகுப்பிலேயே நடக்கட்டும்.

படி 4: களத்தில் (4-ஆம் வாரம்)

கரைந்த ஆக்சிஜனுக்கான குப்பியைத் தண்ணீருக்கடியில் சாய்த்துப் பிடித்து மெதுவாக நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று கலந்து ஆக்சிஜன் அளவு கூடிவிடும். மூடியபின் கவிழ்த்துப் பாருங்கள். கடுகளவு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அடுத்து 1 மில்லி மாங்கனீசு சல்பேட், 1 மில்லி கார அயோடைடு-அசைடு, பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி. மூடி, பதினைந்து முறை கவிழ்த்துக் குலுக்குங்கள். பழுப்பு நிறத்தில் திரண்டால் ஆக்சிஜன் இருக்கிறது. பால் போல வெள்ளையாக நின்றுவிட்டால் அங்கே ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. மாணவர்கள் வகுப்பில் படித்ததை நம்பத் தொடங்கும் இடம் இதுதான். கொஞ்ச நேரம் பார்க்க விடுங்கள்.

திரள் பாதி அளவுக்கு இறங்கியதும் 1 மில்லி அடர் கந்தக அமிலம். இதைக் கையுறையும் கண்ணாடியும் போட்ட ஆய்வக உதவியாளர் மட்டும் செய்யட்டும். அதன்பின் குப்பியை இருட்டில் வைத்து 8 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் தரம்பார்த்தால் (டைட்ரேஷன் செய்தால்) போதும். பிஓடி கேன் பனிக்கட்டிப் பெட்டியில் வரட்டும், அன்றே குப்பிகளில் ஏற வேண்டும்.

அதிகம் சொதப்புவது வேதியியல் அல்ல, சீட்டு. ஈரக் கண்ணாடியில் மார்க்கர் எழுத்து அழிந்துவிடும். மூன்று இடத்துக் குப்பிகளும் ஒன்றுபோலவே இருக்கும். கிளம்புவதற்கு முன்பே காய்ந்த குப்பியில் காகித டேப் ஒட்டி, பென்சிலால் எழுதுங்கள்.

முழங்காலுக்கு மேல் ஆழத்தில் யாரும் இறங்கக் கூடாது. கையிலோ காலிலோ வெட்டுக்காயம் இருப்பவருக்கு அன்று எழுதும் வேலை.

படி 5: தரவுப் பட்டறை (6-ஆம் வாரம்)

தாங்களே எடுத்த எண் என்பதால் தூங்கமாட்டார்கள். இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவர். ஓர் அளவீட்டுக்கு ஒரு வரிசை, அலகு தலைப்பில், தேதி எல்லாருக்கும் ஒரே வடிவில். முக்கியமாக, அளக்காத கட்டத்தை காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள். கரைந்த ஆக்சிஜன் 0 என்றால் மீன் செத்த தண்ணீர் என்று பொருள். மீட்டர் வேலை செய்யவில்லை என்று பொருள் அல்ல. வெற்று மாதிரியில் 0.2 மில்லிகிராமுக்கு மேல் இறங்கியிருந்தால், நீர்த்தும் தண்ணீரே அசுத்தமாகியிருக்கிறது. அதை மறைக்காமல் வரைபடத்தின் கீழேயே எழுதப் பழக்குங்கள்.

படி 6: காலநிலைப் பேச்சுவார்த்தை (10-ஆம் வாரம்)

என்-ரோட்ஸ் என்ற இலவச இணையக் காலநிலைக் கணிப்புக் கருவியை வைத்து மூன்று மணி நேரத்தில் நடத்தலாம். கிளைமேட் இன்டராக்டிவ் என்ற அமைப்பும் எம்ஐடியின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் சேர்ந்து உருவாக்கியது. அரசுகள், நிலக்கரி-எண்ணெய்த் தொழில், தூய எரிசக்தி, வேளாண்மையும் காடும், பிற தொழில்கள், காலநிலை நீதி இயக்கங்கள் என்று ஆறு அணி. ஒவ்வோர் அணியும் ஒரு கொள்கையை முன்வைக்கும். திரையில் அதற்கான கோலை நகர்த்தினால் 2100-இன் வெப்ப உயர்வு உடனே மாறும். முதல் சுற்றில் எல்லாரும் மரம் நடுவோம் என்பார்கள். கோடு அசைந்தும் அசையாததுமாக நிற்கும். அங்கே குறுக்கிட்டு விளக்கம் சொல்லாதீர்கள், அடுத்த சுற்றில் அவர்களே கார்பன் விலைக்கு (கார்பன் உமிழ்வுக்குக் கட்டணம் வைப்பதற்கு) வருவார்கள். சூழலைக் காப்பாற்றத் துடிப்பவரையே எண்ணெய் அணிக்குத் தலைவராக்குங்கள், பேரம் சூடு பிடிக்கும். இணையம் போனால் காட்ட, முக்கியமான திரைகளை முன்பே படமெடுத்து வைத்திருங்கள்.

படி 7: கடைசி இரண்டும்

வேலைவாய்ப்பு உரையாடலுக்கு நாலு பேர்: மாசு கண்காணிப்புத் துறையில் ஒருவர், ஆலோசனை நிறுவனத்தில் ஒருவர், தன்னார்வ அமைப்பில் ஒருவர், இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் படித்து முடித்த ஒருவர். கடைசி ஆள்தான் அதிகம் பயன்படுவார். ஆறு வாரம் முன்பே அழையுங்கள். ஸ்லைடு கிடையாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் வாங்கினால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கவும் துணிவு வரும்.

மூன்று நிமிட ஆய்வுரை 2008-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய வடிவம். அசையாத ஒரே ஸ்லைடு, 3 நிமிடம், அதற்கு மேல் போனால் தகுதி இழப்பு. நடுவரில் ஒருவராவது துறைக்கு வெளியே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதாகை, துணியில், தேதி அச்சிடாமல் செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் பதாகைக்குக் கீழே நின்று நுண்பிளாஸ்டிக் பற்றிப் பேசுவதை மாணவர்கள் விடாமல் கிண்டலடிப்பார்கள்.

பெயர் கொடுத்தவர்கள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று ஒவ்வொரு நிகழ்வின் அன்றும் ஒரு தாளில் குறித்து, மிஞ்சிய குப்பிகளின் எண்ணிக்கையோடு கோப்பில் வையுங்கள். அடுத்த செமஸ்டரில் பொறுப்பேற்பவர் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.